கொடிக்கறை எடுத்த சுவர்

கொடி ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அதன் வேர்த்தடங்கள்தான் வரவில்லை.

சைபுல்லா நாலடி தள்ளி நின்று பார்த்தார். மஞ்சள் சுவரெங்கும் பூரான்கள் ஊர்ந்து செத்ததுபோல் பழுப்புக் கறை. நாளை மகள் தஹ்மீனாவுக்கு நிச்சயம். திருத்துறைப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "வாசச் செவுத்துல கொடி படந்து அசிங்கமாக் கெடக்கு. சுத்தம் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி ஷம்சாத் மகளோடு கும்பகோணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தாள்.

சைபுல்லா ஷார்ஜாவிலிருந்து நேற்றுதான் வந்திருந்தார். கூத்தாநல்லூரில் இந்த வீடு கட்டும்போது அவர் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டோடு ஒட்டி, இரண்டுக்கும் ஒரே நிறமாக, ஒரே நீளச் சுவராக எழுப்பியிருந்தார்கள். அந்த நீளம் முழுக்கக் கொடி படர்ந்திருந்தது.

சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். கறை வழிந்து, கீழே சுத்தமாக இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது.

"சோப்புக்கெல்லாம் போவாது பாய். பிளீச்சிங் பவுடர் போடணும்" என்றார் பக்கத்து வீட்டுத் தியாகராசன். அவரே வாளியில் கரைத்தும் கொண்டுவந்தார்.

ஊற்றியதும் பெயிண்ட் வெளுத்தது. கறை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன சார் இது?"

"கம்பி பிரஷ்ஷு போட்டா வந்துரும்." தியாகராசன் ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "ஜன்னலுக்கு மேலயும் கொஞ்சம் இருக்கு பாருங்க."

கறை வந்தது. கூடவே பூச்சும் பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

சைபுல்லா ஏணியிலிருந்து இறங்கினார். "ஷம்சாத் வந்தா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவா."

"சிமெண்ட்டப் பூசி ஒரு கோட்டு அடிச்சிட்டா ஆச்சு. இருங்க, டீ எடுத்தாறேன்."

இந்த மனிதர் ஏன் இவ்வளவு தங்கமாக இருக்கிறார் என்று சைபுல்லாவுக்கு விளங்கவில்லை. ஷார்ஜாவில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை.

கடைத்தெருவில் அந்த மஞ்சள் இல்லை. சந்தன நிறம்தான் கிடைத்தது. பூசிய இடத்தில் மட்டும் அடித்தபோது திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கொடி படர்ந்திருந்த பகுதி முழுக்க அடித்தார்.

பொழுது சாய்கையில் கைலி, தாடியெல்லாம் பெயிண்ட்டோடு ஏணியில் நின்றிருந்தபோது, வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தியாகராசனின் மனைவி மேகலா. பேங்க் வேலை முடிந்து வருகிறாள். சைபுல்லாவை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலு வருஷமாக் கத்துறேன், இன்னிக்காவது நம்ம செவுத்துக்கு ஒரு ஆளக் கூட்டியாந்தீங்களே" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, ஏணிப்பக்கம் திரும்பினாள். "பாய், கொல்லைப்பக்கமும் இதே கறைதான். நாளைக்கும் வந்துருவீங்கல்ல?"