கமலவேணி அம்மாள் குரலுக்கு நான் போட்ட ஒரு மார்க்

சிவமயம்

காஞ்சிபுரம்,
16-11-1973

மரியாதைக்குரிய சம்பந்தி பரமசிவம் அவர்கள் சமூகத்துக்குக் கைலாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் உடம்பளவில் சுகம். அவ்விடத்துச் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லாததால் விசாரிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நேரில் வர முகமில்லை.

மகள் தேவகி நேற்றுக் காலை பெட்டியுடன் வந்து நின்றாள். என்னம்மா என்றதற்கு, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்பா" என்றாள். காரணத்தை நான் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ வியாபாரிகள் சங்கத்து விழாவில் நடந்தது ஊருக்கே தெரியும். அந்தக் கோபத்தில் தாங்கள் பெண்ணை அனுப்பிவிட்டீர்கள் என்று என் வீட்டுக்காரியும் நானும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறோம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு எந்தத் தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள்.

தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா கிடந்தவனிடம் சங்கத்துக் காரியதரிசி தர்மன் வந்து, வர்த்தக ஒலிபரப்பில் வரும் நம் ஊர்ப் பட்டுக்கடை விளம்பரங்களில் சிறந்ததற்கு வெள்ளிக் கோப்பை தரப்போகிறோம், நீங்கள் நடுவராக இருக்க வேண்டும் என்றான். எனக்கு என்னப்பா தெரியும் என்றேன். "நாள் பூரா ரேடியோ கேட்டுக்கினுதானே இருக்கீங்க, அது போதும் சார்" என்றான். என்னோடு பாட்டு டீச்சர் பட்டம்மாளும் வாலாஜாபாத் ரைஸ் மில் முதலாளி ஆதிகேசவனும் நடுவர்கள். எந்தக் கடை விளம்பரம் என்று எங்களுக்குத் தெரியக்கூடாதாம். அதனால் டேப்பில் கடைப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் தர்மன் சத்தத்தைக் குறைத்துவிட்டான். விளம்பரத்தில் கடைப் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். முதல் டேப்பு "வாருங்கள்" என்றது, அப்புறம் வெகுநேரம் சத்தமில்லை, "இருக்கிறது" என்று முடிந்தது. இதற்கு நூற்றுக்கு எத்தனை போடுவது? பட்டம்மாள் எதிலும் சுருதி சேரவில்லை என்று எல்லாவற்றுக்கும் சைபர் போட்டார். ஆதிகேசவன் யார் மனசும் நோகக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் நூறு போட்டார். ஆக, கோப்பை என் ஒருவன் மார்க்கில் வந்து நின்றது.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. கோப்பை உங்கள் பட்டுக்கடைக்கே வரவேண்டும் என்றுதான் நான் போனேன். உங்கள் விளம்பரத்தில் கோயில் மணி அடிக்கும் என்று மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் இருந்தது. மூன்றாவது டேப்பில் மணி அடித்தது. கண்ணை மூடிக்கினு நூறு போட்டேன். நாலாவதுலயும் மணி அடிச்சுது, அஞ்சாவதுலயும் அடிச்சுது. நம்ம ஊர்ல மணி அடிக்காத விளம்பரம் எது சம்பந்தி? போட்ட மார்க்கை மாத்தக்கூடாதுன்னு தர்மன் சொல்லிட்டான். கடைசி டேப்புல மணியே இல்ல. ஒரு பொம்பள அழுதுக்கினே இருக்குது, ஒரு ஆளு "கதவத் தெற, பொடவ வாங்கியாந்திருக்கேன்"ங்கறான், அவ்ளோதான். யாரோ வேத்தாள் கடைன்னு நெனச்சு ஒரு மார்க்கு போட்டு, "இந்தம்மா கொரலக் கேட்டா பொடவய சும்மா குடுத்தாக்கூட ஒருத்தரும் வாங்க மாட்டாங்க"ன்னு தர்மன்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். அது சம்பந்தியம்மா கமலவேணி அவங்க கொரல்னு எனக்கு எப்படித் தெரியும்? மணிய எடுத்துட்டு அவங்களயே அழ வெச்சிருக்கீங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லலயே. அந்த தர்மன் மேடையில மைக்கைப் புடிச்சு, "நடுவர் கைலாசம் அவர்களின் கருத்து"ன்னு அதை அப்படியே ஒப்பிச்சான். கோப்பை உங்க எதிர்க்கடை கண்ணாயிரத்துக்குப் போச்சு. மூணாவது டேப்பு அவருதாம். மொத வரிசையில உக்காந்துக்கினு இருந்த சம்பந்தியம்மா முந்தானையால மூஞ்ச மூடிக்கினு எழுந்து போனதை மேடையிலேர்ந்து பாத்துக்கினே இருந்தேன். அந்த நேரம் பாத்து எனக்கு மாலை வேற போட்டாங்க.

அன்று முதல் நான் ரேடியோவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ பாடினால்கூட எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். தங்களுக்கு விரோதமாக நான் ஒன்றும் செய்யவில்லை ஐயா. கண்ணாயிரத்துக்குப் போட்ட நூறும் மனசளவில் தங்களுக்குப் போட்டதே. இதைச் சம்பந்தியம்மாவிடம் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மாப்பிள்ளையை அனுப்பித் தேவகியை அழைத்துக்கொள்ள வேண்டும். தங்கள் குடும்பமும் கடையும் தறிகளும் காமாட்சியம்மன் கருணையால் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கட்டும்.

தங்கள் தயவொன்றையே நம்பியிருக்கும்,
கைலாசம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தேவகி இதை வாங்கிப் படித்தாள். "யாருப்பா என்னை அனுப்பினாங்க?" என்கிறாள். சம்பந்தியம்மா அவளிடம், "என் கொரல் அவ்ளோ மோசமாவா இருக்குது, நீயே சொல்லும்மா" என்று வேளாவேளைக்கு அழுதார்களாம். இவள் கடைசியில், "அப்பா சொன்னது சரிதான் அத்தை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பதில் சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். இதெல்லாம் தங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேள் என்றால் மாட்டாளாம். "நீ போட்ட மார்க்கு கரெக்டுதானேப்பா" என்கிறாள். சம்பந்தி, ஆபீசில் இத்தனை வருஷம் இருந்தும், நான் சொன்னது சரி என்று ஒருவர் சொல்லிக் கேட்பது இதுவே முதல் தடவை. அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. தாங்களே வந்து கண்டித்து அழைத்துப் போங்கள்.