பேய்க்கு வசனம் இல்லை

என் மனைவி என்னை நினைத்து ஒரு தடவையாவது ஏங்க வேண்டும். அதை நான் நேருக்கு நேர் நின்று என் காதால் கேட்க வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து நான் கொண்ட ஒரே வைராக்கியம் இதுதான். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. பகல் முழுக்க யாராவது என் மூஞ்சிக்கு நேரே உட்கார்ந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. கல்யாணமான புதுசில் கால் மணி நேரம் தாமதமானாலே வாசலில் நிற்பாள். இப்போது இரண்டு நாள் நான் காணாமல் போனாலும், குப்பை வண்டி வரும்போதுதான் என் ஞாபகம் வரும்.

எனக்கு வழி காட்டியது எங்கள் குடியிருப்பு நாடகக் குழு. கீழ்வீட்டுப் பல் டாக்டர்தான் இயக்குநர். இந்த வருஷம் ஊரறிந்த பழைய பேய்க்கதை ஒன்றை எடுத்திருந்தார். செத்துப்போன கணவன் தினமும் சாயங்காலம் வந்து ஜன்னலோரம் நிற்பான். மனைவி அவனைப் பார்த்து, "வந்துடுங்களேன். நீங்க இல்லாம இந்த வீடு வீடாவே இல்ல" என்று உருகுவாள். கணவன் வேஷம் எனக்கு. பேய்க்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. வீட்டில் பழகியதுதான் என்பதால் எனக்குச் சிரமமில்லை.

மனைவியாக நடித்துக்கொண்டிருந்த தபால் ஆபீஸ் அம்மாவுக்குத் திடீரென்று மாற்றல் வந்தது. எனக்குப் பொறி தட்டியது. டாக்டரைத் தனியாகப் பிடித்து, "எங்க வீட்ல கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே அவர் கேட்டுவிட்டுப் போனார்.

"டாக்டர் கேட்டாராமே. நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொன்னீங்களான்னு நான் கேக்கவே இல்லையே."

"உனக்கு நடிக்க வருமான்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

"உங்க அக்கா வந்தா நாலு நாள் சிரிச்ச முகமா இருக்கேனே, அதுக்கு என்ன பேராம்?"

ஒப்புக்கொண்டாள். வீட்டிலேயே வசனம் ஓட ஆரம்பித்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். துணி மடித்துக்கொண்டே சொல்வாள்: "வந்துடுங்களேன், நீங்க இல்லாம இந்த வீடு வீடாவே இல்ல, அந்த ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க." எல்லாம் ஒரே மூச்சில். போகட்டும், மேடையில் துண்டு கிடையாதே என்று பொறுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சங்கக் கூடத்தில் ஒத்திகை. மூஞ்சி நிறைய பவுடர், தோளில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஜன்னலோரம் நின்றேன். அவள் மெல்ல வந்தாள். என் கண்ணைப் பார்த்தாள். எத்தனை வருஷமாச்சு!

"வந்துடுங்களேன்..." என்றவள் நிறுத்தினாள். "இது நம்ம நல்ல விரிப்பாச்சே. பழசை எடுக்கச் சொன்னேன்ல?"

இரண்டாம் தடவை பாதி வசனத்தில் சிரித்துவிட்டாள். மூன்றாம் தடவை என் காதோரம் திட்டாக நின்ற பவுடரைத் துடைத்துவிட்டாள். டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், பேய் கண்ணுலயே படக்கூடாது. ஜன்னல் திரை மட்டும் லேசா ஆடணும். அதுதான் சார் பயம்."

"அப்ப நான்?"

"நீங்க மறைவா உக்காந்து கயிறு இழுக்கறீங்க. இவ்வளவு பக்குவமா இழுக்க வேற ஆள் கிடைக்காது."

"இது யாரோட யோசனை?"

"உங்க வீட்ல சொல்லலையா?" என்றார் அவர்.

வீட்டில் கேட்டேன். "நாடகம் நல்லா வரணுமா, வேணாமா?" என்றாள். வரணும் என்றேன். வேறென்ன சொல்வது?

நாடகத்தன்று மேடையில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்க மறைவில் ஒரு முக்காலியில் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. யாருமில்லாத ஜன்னலைப் பார்த்து, "வந்துடுங்களேன்" என்றாள். அவ்வளவுதான், குரல் உடைந்தது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கூடத்தில் ஓர் இருமல்கூட இல்லை. எழுந்து ஓடிப்போய், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லத் துடித்தேன். அந்த அழுகையில் கயிற்றை இழுக்கவே மறந்து போனேன். திரை ஆடவில்லை. அதையும் ஜனங்கள் மெச்சினார்கள். வராத பேய்க்காக அழுதாளே, அதுதான் உச்சமாம்.

எல்லோரும் பாராட்டிவிட்டுப் போனபின் நாற்காலிகளை மடித்துக்கொண்டே கேட்டேன்.

"யாரை நினைச்சு அப்படி அழுத?"

"உங்களைத்தான். வேற யாரை?"

"நான் எதிர்ல நின்னப்ப மட்டும் ஏன் அழுகை வரல?"

"எதிர்ல நிக்கிற ஆளை எப்படி வாங்கன்னு கூப்பிடறது? அதான் வந்துட்டீங்களே."

இன்னொரு நாற்காலியை மடித்தேன்.

"அடுத்த மாசம் வெளியூர்ல மூணு நாள் போடக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள்.

"நானும் வரேன். கயிறு இழுக்க ஆள் வேணுமே."

"டாக்டரோட தம்பி இழுப்பாராம். நீங்க வீட்லயே இருங்க. எவ்வளவு தூரத்துல இருக்கீங்களோ, அவ்வளவு நல்லா அழுகை வருது எனக்கு."