ஜாங்கான் செட்டியாரும் இருட்டுக் குகையும்

பேராக் மாநிலத்தில், உதவி செய்ய வந்தவர்களை விரட்டியே புகழ்பெற்றவர் ஒருவர்தாம் உண்டு. அவர் எங்கள் ஜாங்கான் செட்டியார். பெற்றோர் இட்ட பெயர் அவருக்கே மறந்திருக்கக்கூடும். ‘வேண்டாம், செய்யாதே’ என்பதை மலாய்க்காரர் ‘ஜாங்கான்’ என்பர். ஒரு வழியையோ விடையையோ கதையின் முடிவையோ எவரேனும் சொல்ல வாயெடுத்தால் போதும். செட்டியார் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, “ஜாங்கான், ஜாங்கான்” என்பார். ஈப்போவில் அவர் நடத்திய ஜவுளிக்கடையில் நான் பணிபுரிந்தேன். புடவையின் விலை கேட்கும் பெண்களிடம்கூட, “நீங்களே சொல்லுங்க பாப்போம்” என்று புதிர் போடுவார்.

ஒருமுறை கோப்பெங்கில் நடந்த திருமணத்துக்கு அவருடைய காரில் சென்றோம். சிம்பாங் பூலாய்ச் சந்திப்பில், யாரையாவது வழி கேட்கலாமா என்றேன்.

“கேட்டுப் போனா அது அவன் போற வழிலா. நாம போற வழி இல்ல,” என்றார்.

கேளாமல் போனதன் பயனாகப் பத்து காஜா என்னும் வேறோர் ஊரில், எவரென்றே தெரியாத ஒருவரின் திருமண மண்டபத்தில் இறங்கினோம். செட்டியார் தயங்கவில்லை. அட்சதை தூவினார், மொய் எழுதினார், பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கி அருந்தினார். “கோப்பெங்குல இப்படிப் பாயசம் கெடைச்சிருக்காது,” என்று என்னைத் தேற்றவும் செய்தார்.

திரையரங்கிலும் அதே கொள்கைதான். முன்வரிசையில் இருந்த அம்மையார், படத்தில் தாய்க்கு இருமல் வருவதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டாராம். முடிவு தெரிந்துவிட்டதென்று செட்டியார் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் கடைக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, வீடியோ கேம் கடை திறந்தார். அங்கிருந்த பொறிகளுள் ஒன்று செட்டியாரை ஆட்கொண்டது. அதில், கையில் விளக்கேந்திய ஒரு குட்டி மனிதன் இருட்டுக் குகைக்குள் அலைவான். விளக்கொளி படும் இடம் மட்டுமே திரையில் தெரியும். எண்ணெய் தீர்வதற்குள் அவன் வெளியேற வேண்டும். முதற்குகைகளைப் பலரும் கடந்தனர். கடைசிக் குகையில் எல்லோருக்கும் விளக்கு அணைந்தது. செட்டியார் நாள்தோறும் மதிய உணவு முடிந்ததும் அங்கே போய், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு மலர்ந்த முகத்துடன் திரும்புவார்.

“இன்னிக்கும் தோத்திட்டீங்களா?” என்று கேட்டால், “இன்னிக்கு வேற எடத்துல தோத்தேன்,” என்பார்.

இந்த இன்பத்தில் மண் அள்ளிப் போட வந்தவர் அவருடைய மைத்துனர். கோலாலம்பூரில் வக்கீல். அந்தக் குகையின் வரைபடம் முழுவதும் அச்சான ஓர் ஆங்கில இதழைக் கையோடு கொண்டுவந்தார். இதழை ஒரு கண்ணாலும் திரையை மறு கண்ணாலும் பார்த்தபடி, கடைசிக் குகையை அநாயாசமாகக் கடந்தார். திரையில் வாணவேடிக்கை நடந்தது. வக்கீல் கொட்டாவி விட்டார்.

“அவ்ளோதானா?” என்றார்.

அடிமுடி அறியவொண்ணாச் சோதியின் முடியைக் காணாமலே, கண்டதாகத் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்லச் செய்த பிரமனின் நினைவு எனக்கு வந்தது. பாவம், பிரமனும் அன்று இப்படித்தான் கொட்டாவி விட்டிருப்பான்.

கடைக்கு வெளியே முதுகைத் திருப்பி நின்றிருந்த செட்டியாரிடம் வக்கீல் போனார். “அத்தான், ரெண்டாவது திருப்பத்துல...”

“ஜாங்கான்.”

“சனிக்கெழம சாயங்காலம் தவுக்கே இந்த மெஷின பினாங்குக்குத் திருப்பி அனுப்புறாராம். ஆள் வாரது கொறைஞ்சு போச்சாம். அதுக்குள்ள நீங்களா முடிக்கலன்னா, இனிமே எந்தப் படம் வந்தாலும் முடிவ நான்தான் மொதல்ல சொல்வேன். காதப் பொத்தக் கூடாது. ஜாங்கான் சொல்லக் கூடாது. சரியா?”

செட்டியார் வெளுத்துப் போனார். ஆயினும் கை கொடுத்தார். சாட்சி அவருடைய மனைவியான ஆச்சி. “பீரோச் சாவி எங்க இருக்குன்னு சொன்னாக்கூட ஜாங்கான்னுட்டு நாள் பூரா தேடுற மனுசன்டா இவரு. இவருகிட்டயா பந்தயம் போடுற?” என்று தம்பியை எச்சரித்தார்.

சனிக்கிழமை வந்தது. செட்டியார் நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டு, நெற்றி நிறைய நீறுடன் நேரே விளையாட்டுக் கடைக்கு வந்தார். வாசலில் லாரி நின்றது. இரண்டு முறை விளக்கு அணைந்தது. மூன்றாம் முறை, கடைசிக் குகையின் வாயிலில் அவர் கை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் போவதென்று அறியாத அவர், கோயிலில் அப்போதுதான் செய்து வந்ததையே செய்தார். சந்நிதியை வலம்வருவார்போல், சுவரை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார்.

“அத்தான், பிராகாரம் சுத்துறீங்களா?” என்றார் வக்கீல். கூட்டம் சிரித்தது.

“சாமி எப்பவும் வலது கைப்பக்கம் இருக்கணும்லா,” என்றார் செட்டியார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

குட்டி மனிதன் முட்டுச்சந்துக்குள் போனான். கூட்டம் உச்சுக்கொட்டியது. செட்டியார் சுவரை விடவில்லை. அதை ஒட்டியே உள்ளே போய், அதை ஒட்டியே வெளியே வந்தார். இன்னொரு முட்டுச்சந்து, மீண்டும் அப்படியே. விளக்கின் ஒளி புள்ளியாய்ச் சுருங்கியது. வக்கீல் தம்மை மறந்து, “இடது பக்கம்...” என்று தொடங்க, ஆச்சி தம்பியின் வாயைப் பொத்தினார். ஒட்டியிருந்த சுவர் ஓரிடத்தில் முடிந்தது. அதற்கு அப்பால் வாசல். திரை முழுவதும் பொழுது விடிந்தது.

ஈப்போவின் அந்தத் தெருவில் அப்படியோர் ஆரவாரம் தைப்பூசத்திலும் எழுந்ததில்லை. லாரிக்காரர் உள்ளே ஓடிவந்து செட்டியாரைத் தோளில் தூக்கினார். “நானாவே,” என்றார் செட்டியார். தவுக்கே கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். லாரியைக் காலியாகவே திருப்பியனுப்பினார்.

வக்கீல் கூட்டம் கலையும்வரை நின்றார். பிறகு, “நான் முடிச்சப்ப எனக்கு ஒன்னுமே தோணலியே அத்தான்,” என்றார். அடுத்த மாதம் தவுக்கே புதிய பொறி ஒன்றைக் கொண்டுவந்தார். சில வாரங்கள் கழித்து வக்கீல் இதழ் ஏதுமின்றி வெறுங்கையோடு வந்து அதன்முன் அமர்ந்தார்.

செட்டியார் அந்த ஆட்டத்தை முந்தின வாரமே முடித்திருந்தார். ஒவ்வொரு திருப்பமும் அவருக்குத் தெரியும். மைத்துனர் தவறான வாசலுக்குள் நுழையும்போதெல்லாம் செட்டியாரின் தோள்கள் குலுங்கின, கண்கள் கலங்கின, வழியைச் சொல்லிவிடாதிருக்கத் துண்டின் முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கடை மூடும்வரை மைத்துனருக்குப் பின்னால் நின்றார். ஒருவர்மீது கொண்ட அன்பை இத்தனை பாடுபட்டு விழுங்கிய மனிதரை நான் அதன்பின் கண்டதில்லை.