திருத்தணியில் நிற்கும் வண்டி

ஆந்திராவையும் சென்னை ராஜ்யத்தையும் சேர்த்துச் சலித்தாலும், கீமேனைப் போலத் தூசியோடு ஜென்மப் பகை வைத்திருந்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். புத்தூரில் எல்லாருக்கும் அவர் கீமேன்தான். தபாலாபீஸ் குமாஸ்தாவான எனக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது, ஏனென்றால் அவருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

ரயில்வேயில் கீமேன் என்றால், தினமும் காலையில் சுத்தியலோடு தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, தளர்ந்துபோன ஆப்புகளைத் தட்டி இறுக்கிக்கொண்டு போகிறவர். முப்பது வருஷம் அப்படி நடந்து ஓய்வு பெற்றவருக்குச் சும்மா நடக்க வரவில்லை. வழியில் அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பார்ப்பார். டீக்கடை பெஞ்சு, மாட்டு வண்டியின் கடையாணி, ஒருமுறை என்னுடைய சைக்கிள், அதுவும் நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்போதே. "லூஸா கீது சார்" என்பார். எதையாவது பார்த்து நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

நான் அவர் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தேன். திருத்தணி ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னைப் பக்கம் போகுமா என்று ஊர் முழுக்க இழுபறிப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. கீமேனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவருடைய கவலை கட்டிலில் படுத்திருந்தது.

அவர் மனைவி வள்ளியம்மா திருத்தணிக்காரி. பாரிச வாயு வந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. வலது கை மட்டும் தலையணை வரைக்கும் ஏதோ கொஞ்சம் போய் வரும். டாக்டர் பார்த்தார், நாட்டு வைத்தியர் பார்த்தார், இருவரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரேணிகுண்டாவில் இருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, இன்ஜின் டிரைவர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது தன் மகன் விளையாடிய மின்சார ரயிலைப் பெட்டியோடு கீமேனிடம் கொடுத்துவிட்டார். கீமேன் அதைப் பலகைகளில் பொருத்தி, மனைவியின் தாழ்வான கட்டிலைச் சுற்றித் தரையில் வட்டமாக லைன் போட்டார். பழைய லாரி பேட்டரியிலிருந்து கரண்ட், மூன்று தண்டவாளத்தில் நடுவில் இருப்பதன் வழியாகப் பாயும். கால்மாட்டில் ரேணிகுண்டா, இடது பக்கம் புத்தூர், தலைமாட்டில் நகரி, வலது கைப்பக்கம் திருத்தணி, அதைத் தாண்டி அரக்கோணம். அரக்கோணத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மறுபடியும் ரேணிகுண்டா. அந்த வீட்டுப் பூகோளம் அப்படி.

முதல் நாள் என்னையும் சாட்சிக்கு நிறுத்தி வைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "கேட்டுக்கோமே. இந்த வண்டி எங்கியும் நிக்காம ஒரு சுத்து வந்துச்சுன்னா, நீ எழுந்து நடப்பே. முருகன்கிட்ட பேசி முடிச்சிட்டேன்."

"முருகன் இன்னா சொன்னாரு?" என்றாள் வள்ளியம்மா.

"அவரு இன்னா சொல்லுவாரு? லைன சுத்தமா வெச்சுக்கோன்னாரு."

வண்டி அரையடி ஓடும், நிற்கும். முக்கும், முனகும், மறுபடி நிற்கும். பக்கத்தில் நகரிக்காரர் ஒருவர் தறி வைத்திருந்தார். தறியில் பறக்கும் பஞ்சு சுவரைத் தாண்டி வந்து இன்ஜின் சக்கரத்தில் நூலாகச் சுற்றிக்கொண்டது. கீமேன் இன்ஜினைக் குப்புறப் போட்டு ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுத்தார். எடுத்து முடித்ததும் தறிக்காரர் வீட்டு வாசலில் போய்ச் சிவப்புக் கொடியோடு நின்றார். தறிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தறிக்காரர் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. கீமேன் கடைக்குப் போன நேரம் பார்த்து, குத்துவிளக்கு தேய்ப்பது போலத் தண்டவாளம் முழுவதையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். இரண்டே நாளில் அது துருப்பிடித்துச் செங்கல் நிறத்துக்கு வந்தது. கீமேன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன்.

"உப்புத்தாளா? கீறல் வுழுந்தா அந்தக் கீறல்ல மறுபடி அழுக்கு குந்திக்கும் சார். நீங்க தபால மட்டும் பாருங்க."

கடைசியில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒரு சீசாவில் ஸ்பிரிட் கொண்டுவந்து, "துடவண்டி, அன்னீ போதாயி" என்று தெலுங்கில் தைரியம் சொன்னார். துடைத்தால் எல்லாம் போய்விடுமாம். உண்மையிலேயே போயிற்று. மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இணைப்புகளைக் குட்டிச் சுத்தியலால் தட்டிச் சேர்த்த மறுநாள் காலையில் வண்டி ரேணிகுண்டாவிலிருந்து ஜோராகக் கிளம்பியது. புத்தூர் தாண்டியது, நகரி தாண்டியது, திருத்தணியில் நின்றது.

துடைத்தார், நாளுக்கு ஒரு தடவைதான் ஓட்டுவது என்று நிறுத்தி வைத்தார். மறுநாள் காலையில் திருத்தணியில் நின்றது. மாசக்கணக்கில் இதே கதை. இன்ஜினைக் கழற்றினார், பேட்டரியை மாற்றினார், லைனைப் பலகையோடு பெயர்த்துப் பெயர்த்து வைத்தார். திருத்தணி கட்டிலை விட்டுத் தள்ளித் தள்ளிப் போய், அந்தப் பக்கம் புத்தூர் கட்டிலுக்கு அடியிலேயே போய்விட்டது. எல்லை போடுகிறவர்கள் ஊர்களை நகர்த்துவதற்கு முன்னாலேயே கீமேன் நகர்த்திவிட்டார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிலர் ஜன்னல் வழியாகப் பார்த்து, வண்டி நிற்பதால் திருத்தணி நமக்குத்தான் என்று தெலுங்கில் சந்தோஷப்பட்டார்கள். அதே காரணத்துக்காகத் தமிழிலும் சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீமேன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போடப் போயிருந்தார். பேப்பர் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நெற்றிக்கு இடுவதற்காகத் தலைமாட்டில் அவர் குழைத்து வைத்துவிட்டுப் போகும் சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு, வள்ளியம்மா பல்லைக் கடித்தபடி கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினாள். திருத்தணியில் நடுத் தண்டவாளத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். சந்தனப் பொட்டைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் பாயும்?

என்னைப் பார்த்துவிட்டாள்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"எதுக்கும்மா இப்படி? அவர் பாவம் இல்லையா?"

"பாவம்னுதான் வெக்கிறேன். நான் எழுந்திரிக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். வண்டி முழு சுத்து சுத்திட்டு, நான் இப்படியே கெடந்தேன்னா, அந்த மனுசன் இன்னா ஆவாரு? ரிப்பேர்லயே இருக்கட்டும் சார்."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இன்ஜினைக் கழற்றுவதைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்கு வரவில்லை.

திருத்தணி சென்னைப் பக்கம்தான் என்று முடிவாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வள்ளியம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் நான் போனபோது, காலிக் கட்டிலைச் சுற்றி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயும் நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. கீமேன் கையில் துடைக்கிற துணி இருந்தது.

"மோந்து பாருங்க சார்" என்று நீட்டினார். சந்தன வாசனை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முப்பது வருசம் தண்டவாளம் பாத்தவன் சார். லைன்ல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் பேசாமல் இருந்தீர்கள்?"

"மொதல்ல அவ கை தலகாணி வரைக்கும்தான் போவும். பொட்டு வெக்கணும்னு கட்டில் ஓரம் வரைக்கும் வந்துச்சு. நான் ராத்திரி அவ தூங்கினப்புறம் லைன ஒரு விரக்கடை தள்ளி வெப்பேன். அவ இன்னும் கொஞ்சம் நீட்டுவா. மறுபடி ஒரு விரக்கடை." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முழங்கைய ஊனி தோளத் தூக்கற வரைக்கும் வந்துட்டா சார். இன்னும் நாலு விரக்கடை போயிருந்தா எழுந்து குந்தியிருப்பா."

தலைமாட்டுக் கிண்ணத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, திருத்தணியில் ஒரு பொட்டு வைத்தேன். வண்டி வந்து நின்றது.

கீமேன் குனிந்து, குட்டிச் சுத்தியலால் அந்த இடத்தில் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா கீது சார்" என்றார்.