தாங்பிங் விஷயமாக வத்தளை அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய வீரசிங்கம் அண்ணனுக்கு,

தங்கை பாக்கியலெட்சுமி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு மழைக்கும் அட்டைக்கும் குறைவில்லை. அங்கு அண்ணி, பிள்ளைகள் நலமாகவும், உங்கள் பிரஷர் இறங்கியும் இருக்கக் கதிர்காமத்தானை வேண்டுகிறேன்.

நேற்று நீங்கள் போனில், "அம்பத்தோரு வயசுல உனக்கு எதுக்குடி சீனப் பாஷை? தோட்டத்துத் தொரைகிட்டப் போய் மன்னிப்புக் கேளு"ன்னு சத்தம் போட்டு, நான் வாயைத் திறக்க முன்னாடியே கட் பண்ணிட்டீங்க. அதனால்தான் கடிதம். இதைக் கட் பண்ண முடியாது.

சிங்கப்பூரில் சீனக் குடும்பத்து வீட்டில் பதினாலு வருஷம் வேலை செய்தேன். சமை, துடை, கழுவு எல்லாம் அந்தப் பாஷையில் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனா எனக்கும் ஒரு கருத்து இருக்குன்னு சொல்ல வார்த்தை தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அதான் ஞாயிற்றுக்கிழமையில பதுளைக்குப் போய், சீனம் சொல்லிக்குடுக்கிற அகீலா டீச்சரோட மேல் வகுப்புல சேர்ந்தேன். தனியா வாழுற வயசானவங்க, கல்யாணமே வேணாங்கிற பொண்ணுங்க, இப்படி இந்தக் காலத்துப் பிரச்சினைகளைப் படிச்சு, வகுப்புல சீனத்துலயே வாதாடிச் சண்டை போடணும். ராகம் போட்டுப் பேசுற பாஷைங்கிறதால, வீட்டுல பழகினா லயத்துல பக்கத்து வீட்டுக் காம்பரா துஷாந்தினி, நான் அவ கோழிக்கு மந்திரம் ஓதுறேன்னு ஊரைக் கூட்டிட்டா. கோழியும் மிரண்டு கூரை மேல ஏறி இருந்துச்சு.

போன வாரப் பாடம் 'தாங்பிங்'. மல்லாந்து படுக்கிறதுன்னு அர்த்தம். வேலை வேலைன்னு பிழியுறாங்கன்னு சீனாவுல இளசுங்க, "போங்கடா, இனி ஓட முடியாது"ன்னு ஒதுங்கிக்கிறாங்களாம். தேயிலைக் கொழுந்து எடுக்கையில கூட வேலை செய்யுறவங்ககிட்ட இதைச் சும்மா கதையாத்தான் சொன்னேன், சத்தியமா! அடுத்த நாள் காலையில, ரோட்டோரத்துல வேலை பிரிக்கிற பெரட்டுல தொரை, "ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து போதாது, இனி இருபத்திரண்டு"ன்னார். துஷாந்தினிதான் முதல்ல கூடையை இறக்கிட்டு ரோட்டுல படுத்தா. பின்னாடியே பதினாறு பேர். பசறை பஸ் நின்னுருச்சு, பஸ்ல வந்தவங்க இறங்கிப் படம் எடுக்குறாங்க. "என்ன இது?"ன்னார் தொரை. "தாங்பிங், சேர்"ன்னா துஷாந்தினி. அவர் ஏதோ புதுச் சங்கம்னு நினைச்சு, "யாரு தலைவி?"ன்னு கேட்டார். முழங்கால் வலியில படுக்க முடியாம நான் ஒருத்திதான் நின்னுக்கிட்டு இருந்தேன். என்னையே தலைவியாக்கிட்டார்.

படம் எடுக்குறாங்களேன்னு தொரை பயந்து, பழையபடி பதினெட்டு கிலோ ஆயிருச்சுண்ணே. ஆனா பெரட்டுல எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேட்கணுமாம், இல்லாட்டி வேலைப் பதிவுல இருந்து பேரை வெட்டுவாராம். வெட்டட்டும்! சிங்கப்பூர்ல வேற யாரோ உடைச்ச தட்டுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டவ நான். ஒரு ஆயுசுக்கு அது போதும். கேட்கமாட்டேன். வகுப்பையும் விடமாட்டேன். நீங்க வந்து காலைப் பிடிச்சாலும் சரி.

அண்ணிக்கு என் அன்பு. சின்னவளுக்கு முத்தம். உங்கள் பாதம் தொட்டு வணங்கி, உங்கள் பேச்சை மட்டும் கேளாத,

தங்கை
பாக்கியலெட்சுமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள மன்னிப்புக் கேட்டாச்சு. காலையில பெரட்டுல தொரையே சிரிச்சுக்கிட்டு, "எங்க, அந்தச் சீனத்துலயே கேளு பார்ப்போம்"ன்னார். கையைக் கட்டி, தலையைக் குனிஞ்சு, நல்லா ராகம் போட்டுச் சொன்னேன். "சரி சரி, வேலைக்குப் போ"ன்னுட்டார். நான் சொன்னது, "பதினெட்டே ஜாஸ்திங்க."