விரோதி ஏட்டு

தென்னாற்காடு ஜில்லாவில் பிள்ளையைப் பெற்றவர்களை அவரைப் போல வதைத்த மனிதர் வேறு யாரும் கிடையாது. பேங்க் வேலைக்குத் தேர்வான பையன்கள் மீது போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்று விசாரித்து எழுதும் ஏட்டு அவர். முதுநகரில் அவருக்குப் பெயர் விரோதி ஏட்டு.

என் மூத்தவனுக்காக வந்தார். ஹெட்மாஸ்டர், டாக்டர் என்று நான்கு பெரிய மனிதர்களின் பெயரைச் சொன்னேன். எழுதவே இல்லை.

“அவுங்க நல்லதுதான் சொல்லுவாங்க. ஒரு விரோதி பேரு குடுங்க சார்.”

“எங்களுக்கு விரோதியே கிடையாது.”

“இத்தினி வயசுக்கு ஒருத்தர்கூடவா இல்ல? அப்ப ஏதோ மறைக்கிறீங்க.”

காபியையும் தொடாமல் போய்விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. இவருக்குப் பெயர் கொடுப்பதற்காகவே அடுத்த தெருக்காரர் ஒருவர் பக்கத்து வீட்டோடு சண்டை பிடித்தார். மகனுக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷமாகிறது, சண்டை ஓயவில்லை.

மூன்றாம் முறை ஏட்டு வந்தபோது என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “சிதம்பரத்துல எங்கண்ணன் இருக்காரே.”

அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தேன். தன் பிள்ளையின் காதுகுத்துப் பத்திரிகையில் என் பெயரை விட்டுவிட்ட மச்சான். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அதைவிட, பையன் சிதம்பரத்தில் படித்தபோது மாணவர் ஊர்வலத்தில் அவனைப் பிடித்து ஒரு பகல் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அது மச்சானுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொன்னால் வேலை போச்சு.

ஏட்டு சிதம்பரம் போன அன்று அடுத்த பஸ்ஸில் நானும் போய், மச்சான் வீட்டு ஜன்னலுக்கு வெளியே திருடன் மாதிரி நின்றேன்.

மச்சான் கால் மணி நேரம் என்னைத் திட்டினார். “திமிரு புடிச்ச ஆளு ஏட்டய்யா. சாம்பாருல உப்பு ஜாஸ்தின்னு பந்தியிலேருந்தே எழுந்து போனவரு.” ஏட்டு அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

“பையன்?”

“அவன் தங்கம். ஊர்வலத்துல மயங்கி வுழுந்தவனைத் தூக்கப் போனான், சேத்துப் புடிச்சிட்டாங்க. கேஸு கீஸு எதுவும் போடல. நான்தான் போயி அழைச்சிட்டு வந்தேன். இத அந்த ஆளுகிட்ட சொல்லிடாதீங்க, ரோஷத்துல பேங்க் வேலையே வாணாம்பாரு.”

யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று பையன் என்னிடம் சொன்னதே இல்லை.

ஏட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தார். “விரோதியே நல்லவன்னுட்டாரு. இனிமே யாரைக் கேக்கறது?” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

மூத்தவன் பேங்கில் இருக்கிறான். என்னைத் திருடன் மாதிரி ஜன்னலோரம் நிற்க வைத்த ஏட்டு மீது கோபம் இன்னும் ஆறவில்லை. மச்சானோடு பேச்சும் வந்துவிட்டது. அடுத்த மாதம் இளையவனுக்காக ஏட்டு வருவார், விரோதி பேர் கேட்பார். கொடுக்க அந்த ஏட்டின் பேர் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். இந்தத் தடவை காபி குடிக்காமல் அவரை விடப்போவதில்லை.