இரண்டு ரூபாயில் ஒரு 'கு'

கையில் விலை மதிப்புள்ள பொருள் இருப்பதாக ஒருவன் நினைத்துவிட்டால் போதும், ஊரில் உள்ள எல்லாருக்கும் திருட்டு முழி வந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தரப் பரிசோதகர் வேலை எனக்கு. கோணலாக வந்த பாகங்களைப் பொறுக்கித் தள்ள வேண்டும். (வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறேன் என்பது மனைவி ரேவதியின் புகார்.) ஒருநாள் கம்பெனி வாசல் டீக்கடையில் சில்லறையாக வந்த இரண்டு ரூபாய் நாணயமும் கோணலாக இருந்தது. அச்சு ஒருபக்கமாக நகர்ந்து விழுந்ததில், விளிம்பில் பிறை வடிவத்தில் வெறும் உலோகம். டீக்காரர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

ரேவதியின் தம்பி செந்தில் செல்போனில் தேடிப் பார்த்தான். "மாமா, அச்சு தப்பா வுழுந்த காசுக்குத்தான் சேக்கறவங்க அலையறாங்களாம். எங்கிட்ட குடு, நான் வித்துக்கினு வரேன்."

இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அன்றிலிருந்து நாணயம் என் பனியனுக்குள் குடியேறியது.

"ராத்திரில நெஞ்சைத் தடவினே கீறியே, இன்னா வலியா?" என்று ரேவதி கேட்டாள். வாயுப் பிடிப்பு என்று சொல்லிவைத்தேன். அக்கா தம்பி கூட்டாக இருந்தால்?

திருநின்றவூரில் ஒரு பல் டாக்டரம்மா நாணயம் சேகரிப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். சனிக்கிழமை முழுக்க ஒரே யோசனை. பார்க்கிற சாக்கில் வேறு காசை மாற்றிக் கொடுத்துவிட்டால்? கடைசியில் ஓர் ஆணியை எடுத்து, நாணயத்தின் பின்பக்கம் என் பெயரின் முதல் எழுத்தை அழுத்திக் கீறினேன். 'கு'. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

டாக்டர் கையுறை மாட்டினார். (கைரேகை படாமல் இருக்கவோ?) நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, பல் பார்க்கும் விளக்கின் கீழ் கொண்டுபோனார். நான் இமைக்கவே இல்லை. கதவை மறித்துக்கொண்டு செந்தில் நின்றான். அது என் ஏற்பாடு; திருடனைப் பிடிக்கத் திருடன்தானே வேண்டும்.

"அட, சூப்பரா நகர்ந்திருக்கே!" என்றவர், திருப்பிப் பார்த்ததும் சொத்தைப் பல்லைக் கண்டதுபோல முகம் சுளித்தார். "இது இன்னா சார் கீறல்?"

"என் பேரு மேடம். நீங்க மாத்திட்டீங்கன்னா கண்டுபுடிக்கணும் இல்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "காசு அடிக்கிற எடத்துல நடக்கிற தப்புக்குத்தான் சார் மதிப்பு. வெளிய வந்தப்பறம் நாம பண்ற தப்புக்கு இல்ல. இந்தக் கீறல் இல்லன்னா நானே நல்ல வெலைக்கு எடுத்திருப்பேன்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு ரூபா."

விலையைக் குறைக்கத்தான் கதை விடுகிறார் என்று மேலும் இருவரிடம் காட்டினேன். அவர்களும் அதையே சொன்னார்கள். மூவரும் கூட்டு என்று ஒரு வாரம் நம்பினேன்.

போன வருடம் திருவள்ளூரில் எங்கள் மகள் பிறந்தாள். எடை பார்க்க நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக, நான் பின்னாலேயே எழுந்தேன். அசந்து படுத்திருந்த ரேவதி கண்ணைத் திறக்காமலே குரல் கொடுத்தாள்.

"டேய் செந்திலு, உங்க மாமாவைப் புடி. பாக்கெட்ல ஆணி கீதான்னு பாரு."